கடலையை ஒளித்து வைக்கும் காக்கை: ‘கரவா’ என்று வள்ளுவர் சொன்னது எந்த உணவைப் பற்றி?

மாரண்டஅள்ளி ஆசிரியர் | டிசம்பர் 2, இரவு 8.15

எங்கள் வீட்டின் பின்கட்டு இன்னும் நாட்டு ஓடு வேய்ந்ததுதான். கார்த்திகை மழைக்குப் பிறகு ஓடு மாற்ற ஏறியவர், இரண்டு கூரைகள் சேரும் தாழ்வில் படிந்திருந்த மண்ணில் மூன்று நிலக்கடலைச் செடிகள் முளைத்து நிற்பதாகச் சொன்னார். கடலையைக் காற்று தூக்கிக்கொண்டு போகாது. எலியின் வேலை என்றால் கொறித்த தோல் கிடந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. எனவே, களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்த நாள்களில் திண்ணையில் உட்கார்ந்து கூரையைக் கவனிக்கத் தொடங்கினேன்.

நான்காம் நாள் விடை கிடைத்தது. சாம்பல் கழுத்துடைய ஊர்க்காக்கை ஒன்று களத்திலிருந்து இரண்டு கடலைக் காய்களை அலகில் இடுக்கி வந்து, ஓட்டுச் சந்தில் ஒன்றைச் செருகி, அருகில் கிடந்த புளிய இலைச் சருகை இழுத்து அதன்மேல் போட்டது. இரண்டாவது காயை வேறோர் ஓட்டின் கீழ் வைத்தது. அப்போது புளியமரத்தில் இன்னொரு காக்கை இருந்ததை நான் பிறகுதான் கண்டேன். அந்தக் காக்கை பறந்து போன சில நிமிடங்களில் முதல் காக்கை திரும்பி வந்து, தான் வைத்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் சென்றுவிட்டது.

இருபது ஆண்டுகளாக ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கரத்தல் என்றால் ஒளித்தல். கரைதல் என்றால் குரல் கொடுத்து அழைத்தல். ஒளிக்காமல் உறவை அழைத்து உண்ணும் பறவை என்று வள்ளுவர் போற்றிய பறவை, என் கண்ணெதிரே ஒளித்தது. அதுவும் பார்த்த கண்ணுக்குத் தப்பும்படி இடம் மாற்றி ஒளித்தது. அடுத்த வாரம் அதே அதிகாரத்தை நடத்த வேண்டும். பறவைகளை அறிந்தவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?

தேன்கனிக்கோட்டை பறவை நோக்குநர் | டிசம்பர் 2, இரவு 9.40

ஐயா, நீங்கள் கண்டது காக்கைக் குடும்பத்தின் மிகப் பழைய பழக்கங்களில் ஒன்று. அந்தக் குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 130 இனங்கள் உள்ளன. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அன்றாடம் காண்பவை மூன்று: ஊர்க்காக்கை, அண்டங்காக்கை, வால்காக்கை. ‘ஜே’ எனப்படும் வண்ணப் பறவைகளும் இதே குடும்பம்தான். ஆனால் அவை இந்தியாவில் இமயமலைப் பக்கம் வாழ்பவை. (மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைப் பழைய ஆங்கில நூல்களில் ‘நீல ஜே’ என்று எழுதியிருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பனங்காடை மீன்கொத்திக்கு உறவே தவிரக் காக்கைக்கு உறவு கிடையாது.)

ஒளித்து வைத்தலை மிக நுட்பமாக ஆராய்ந்தது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ‘ஸ்க்ரப் ஜே’ என்ற பறவையிடம்தான். 1998-இல் நிக்கோலா கிளேட்டனும் ஆண்டனி டிக்கின்சனும் செய்த சோதனையில் பயன்பட்ட இரண்டு உணவுகளில் ஒன்று, உங்கள் களத்தில் கிடக்கும் அதே நிலக்கடலை. மற்றொன்று மெழுகுப்புழு. பறவைகளுக்குப் புழுதான் மிகவும் பிடிக்கும். ஆனால் புழு சில நாள்களில் கெட்டுவிடும், கடலை கெடாது. மணல் நிரப்பிய தட்டுகளில் இரண்டையும் வெவ்வேறு இடங்களில் புதைக்க விட்டார்கள். புதைத்து 4 மணி நேரம் கழித்துத் தேட விட்டால், அவை புழு புதைத்த இடத்துக்கு முதலில் சென்றன. 124 மணி நேரம், அதாவது ஐந்து நாளுக்கும் மேல் கழித்து விட்டால், புழு இருந்த இடத்தை விட்டுவிட்டுக் கடலை இருந்த இடத்தைக் கிளறின. புழு கெட்டுப்போகும் என்று அனுபவத்தில் அறிய வாய்ப்பே தரப்படாத பறவைகள் மட்டும் எத்தனை நேரமானாலும் புழுவைத்தான் தேடின. மோப்பத்தால் கண்டுபிடித்திருக்கலாமே என்ற ஐயத்துக்கு இடம் தராமல், தேட விடும் முன் உணவை எடுத்துவிட்டுப் புது மணல் நிரப்பியிருந்தார்கள். எதை, எங்கே, எப்போது வைத்தோம் என்ற மூன்றையும் அந்தப் பறவை சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

உங்கள் இரண்டாவது கவனிப்பு எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. 2001-இல் நேதன் எமரியும் கிளேட்டனும் இதையே சோதித்தார்கள். இன்னொரு பறவை பார்க்கும்போது உணவைப் புதைத்த ஸ்க்ரப் ஜே, தனியாக விடப்பட்டதும் அதைத் தோண்டி வேறிடத்தில் புதைத்தது. யாரும் பார்க்காதபோது புதைத்திருந்தால் அவ்வளவாக இடம் மாற்றவில்லை. இதில் ஒரு கூறு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது: முன்பு பிற பறவையின் உணவைத் திருடிப் பழகிய பறவைகள் மட்டுமே இப்படி இடம் மாற்றின. திருடியறியாத பறவைகள் மாற்றவில்லை.

அரூர் கடலைக்காட்டுக்காரர் | டிசம்பர் 3, காலை 6.05

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். காக்கையின் நினைவாற்றலை நான் ஆடிப்பட்டத்தில் நட்டப்பட்டு அறிந்தவன். விதைக்கடலை ஊன்றிய மறுநாள் காலை, ஏர்ச்சால் வழியாகவே நடந்து வந்து, எந்த இடைவெளியில் விதை விழுந்திருக்கிறது என்பதை அளந்தது போல ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துவிடும். எடுத்ததை எல்லாம் அங்கேயே தின்பதும் கிடையாது. பாதியை வரப்போரம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு மறுபடி வரும். ஒளிக்காது என்று சொல்பவர்கள் விதைப்பு நாளில் என் காட்டுக்கு வந்து பார்க்கலாம்.

எனக்கு வேறொரு கேள்வி உண்டு. என்னைக் கண்டால் எங்கள் கிணற்று வேப்பமரத்துக் காக்கைகள் கத்திக் கூட்டம் சேர்க்கின்றன. அதே வரப்பில் என் தம்பி நடந்தால் வாய் திறப்பதில்லை. நான் கவண் வைத்து விரட்டி இரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு நாள் ஒரு முகத்தை நினைவில் வைத்திருக்குமா?

ஓசூர் விலங்கியல் மாணவி | டிசம்பர் 3, மாலை 7.20

ஐயா, கட்டாயம் வைத்திருக்கும். இதற்கு நேரடியான சான்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர், 2006-இல் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்துகொண்டு 7 காக்கைகளைப் பிடித்து, கால் வளையமிட்டு விட்டார்கள். அதன்பின் யார் அந்த முகமூடியை அணிந்து வளாகத்தில் நடந்தாலும் காக்கைகள் கத்தித் துரத்தின. நடப்பவரின் உடலோ உடையோ நடையோ பொருட்டில்லை, முகம்தான் குறி. பல ஆண்டுகள் கடந்தும் அது தொடர்ந்தது. பிடிபடாத காக்கைகளும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கற்றுக்கொண்டன. ஆகவே உங்கள் கிணற்றடியில் கத்துபவற்றில் சில, நீங்கள் கவண் எடுத்த நாளில் பிறந்தே இராதவையாகவும் இருக்கலாம்.

மேலே நண்பர் எழுதிய சோதனைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இத்துறையில் ஆர்வமே நம்மை எல்லை தாண்ட வைத்துவிடுகிறது. உணவை இடம் மாற்றும் பறவை, ‘அவன் பார்த்தான், ஆகவே அவனுக்குத் தெரியும்’ என்று பிறர் மனத்தை நினைத்துத்தான் செய்கிறதா, அல்லது வேறு பறவையின் அருகாமை தரும் பதற்றத்தால் மீண்டும் மீண்டும் புதைக்கிறதா என்பது இன்றும் வாதத்துக்குரியது. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கி, பதற்றத்தைக் கொண்டே இடம் மாற்றலின் பெரும்பகுதியை விளக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குப் பதில் போல 2016-இல் தாமஸ் புக்னியாரும் குழுவினரும் அண்டங்காக்கையைவிடப் பெரிய ரேவன் பறவைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த அறையில் வேறு ரேவனின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். கண்ணுக்கு எந்தப் பறவையும் தெரியாது. சுவரிலுள்ள சிறு துளை திறந்திருந்தால் மட்டும், பறவைகள் யாரோ தங்களைப் பார்ப்பது போல விரைந்து மறைத்தன. துளை மூடியிருந்தபோது, அதே குரல் கேட்டும் அப்படிச் செய்யவில்லை. அந்தத் துளை வழியாகப் பார்க்க முடியும் என்பதை அவை முன்பே தாமே எட்டிப் பார்த்து அறிந்திருந்தன. தன் அனுபவத்தைக் கொண்டு பிறர் பார்வையை ஊகிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருக்கிறது என்பதை இந்தச் சோதனை வலுவாகவே ஆதரிக்கிறது என்பது என் கருத்து.

இத்தனையும் எந்த மூளையைக் கொண்டு செய்கின்றன என்பதும் கவனிக்கத் தக்கது. நம் மூளையின் புறணி போன்ற ஆறு அடுக்கு அமைப்பு பறவைகளுக்குக் கிடையாது. அதனாலேயே நெடுங்காலம் அவற்றின் அறிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். ஆனால் 2016-இல் வெளியான நரம்பணுக் கணக்கெடுப்பில், ரேவனின் முன்மூளையில் மட்டும் 100 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருப்பது தெரிந்தது. அவை மிகச் சிறியவை, மிக நெருக்கமாக அடைந்தவை. எண்ணிக்கையில் சில குரங்குகளுக்கு நிகரானவை.

காரிமங்கலம் வாசகி | டிசம்பர் 4, பகல் 1.30

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எனக்கு ஒரு தயக்கம் உண்டு. குறள் மனிதருக்குச் சொன்ன அறம். அதைப் பறவை ஆராய்ச்சியோடு நிறுத்துப் பார்ப்பது முறையாகுமா? எங்கள் வீட்டில் அமாவாசைதோறும் இலையில் சோறு வைத்துக் கூப்பிட்டால், முதலில் வரும் காக்கை குரல் கொடுக்காமல் ஒரு பருக்கையையும் தொடுவதில்லை. மாமியார் காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறோம். வள்ளுவர் கண்டது அதைத்தான். ஒரு காக்கை ஒரு கடலையை ஒளித்ததற்காகப் பிள்ளைகளிடம் குறள் தவறு என்று சொல்லிவிட வேண்டாம் என்று ஆசிரியரை வேண்டிக்கொள்கிறேன்.

மாரண்டஅள்ளி ஆசிரியர் | டிசம்பர் 4, இரவு 8.50

அம்மா, குறள் தவறு என்று சொல்ல எனக்கும் மனம் வராது; அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வள்ளுவர் கண்ணால் கண்டதைத்தான் எடுத்தாள்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்டு சொன்னவரை மதிப்பது, நாமும் காண்பதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் கண்ட காக்கையும் நான் கண்ட காக்கையும் ஒரே இனம். அப்படியானால் ஒன்று சோற்றுக்கு அழைக்கிறது, மற்றொன்று கடலையை மறைக்கிறது. இரண்டும் உண்மை என்றால், எது எப்போது என்பதே என் கேள்வியாக மாறுகிறது.

தேன்கனிக்கோட்டை பறவை நோக்குநர் | டிசம்பர் 5, காலை 7.10

கேள்வியை இப்படித் திருப்பியதும் எனக்கு பெர்ண்ட் ஹைன்ரிக் நினைவுக்கு வந்தார். 1980-களில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பனிக்காட்டில் பல குளிர்காலங்களை ரேவன்களோடு கழித்தவர் அவர். இறந்த ‘மூஸ்’ என்ற பெரிய மானைக் கண்ட ரேவன் வாய் மூடித் தின்னாமல், உரக்கக் கத்தி ஏன் மற்றவற்றை வரவழைக்கிறது என்பதே அவரை அங்கே இழுத்த கேள்வி. ஒரு குளிர்காலத்துக்குப் போதுமான இறைச்சியைக் கண்ட பறவை அதை ஊருக்குச் சொல்வது, தன்னலக் கணக்கில் பொருந்தாத செயலாகத் தோன்றுகிறதல்லவா?

அவர் கண்ட விடை இது. அந்த நிலப்பகுதி வளர்ந்த ரேவன் இணை ஒன்றின் எல்லைக்குள் இருக்கும்; அந்த இணை பிறரை இரையருகே விடாது. அலைந்து திரியும் இளம் பறவை தனியாகச் சென்றால் அடித்து விரட்டப்படும். ஆனால் பத்து, இருபது இளம் பறவைகள் கூடிவிட்டால் அந்த இணையால் ஒன்றும் செய்ய இயலாது. எனவே இளம் பறவை கரைந்து கூட்டம் சேர்க்கிறது. இரை பெரியது, பகிர்ந்தாலும் குறையாது, பகிராவிட்டால் ஒரு வாய்கூடக் கிட்டாது. வயிறு நிறைந்ததும் அதே பறவைகள் இறைச்சித் துண்டுகளைச் சுமந்து சென்று, தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தெரியாமல் பனியில் புதைக்கின்றன. கரைதலும் கரத்தலும் ஒரே இரையைச் சுற்றி, ஒரே பறவையால், ஒரே நாளில் நிகழ்கின்றன.

நம் ஊர்க்காக்கைக்கு இதை அப்படியே ஒட்டிவிட முடியாது. ஆனால் திறந்த வாசலில், மனிதரும் நாயும் நடமாடும் இடத்தில் கிடக்கும் இலைச் சோறு, தனிக் காக்கைக்கு ஆபத்தான உணவு. பல கண்கள் இருந்தால் ஆபத்து குறையும். அலகில் அடங்கும் இரண்டு கடலைக்கு அந்தத் தேவை எதுவும் இல்லை.

பென்னாகரம் காட்டோரம் | டிசம்பர் 5, இரவு 9.00

ஒகேனக்கல் செல்லும் சாலையோரக் காட்டுக்குப் பக்கத்தில் வாழ்பவன் நான். வால்காக்கையைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் எழுதுகிறேன். செம்மண் நிற உடலும் கறுத்த தலையும் நீண்ட வாலும் கொண்ட இந்தப் பறவை, கூடு சூறையாடுவதிலும் பழம் தேடுவதிலும் ஒன்றுபோலத் திறமையானது. பழம், புழு, பல்லி, பிற பறவையின் முட்டை, குஞ்சு என எதையும் விடாது. பாலூட்டிகளுக்கு நஞ்சாகும் ஒரு காட்டுப் புடலைக்கொடியின் சிவந்த பழத்தையும் தின்னும். மரப்பட்டை இடுக்கில் இரையைச் செருகிவிட்டுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆசிரியர் கூரையில் முளைத்த கடலைச் செடியைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒளித்தவை எல்லாம் திரும்ப எடுக்கப்படுவதில்லை, எடுக்கப்படாதவை முளைக்கின்றன. வட அமெரிக்க மலைகளில் ‘கிளார்க் நட்கிராக்கர்’ என்றொரு காக்கைக் குடும்பப் பறவை, ஒரே பருவத்தில் சுமார் 30,000 பைன் விதைகளைச் சில சில விதைகளாக மண்ணில் புதைத்து, மாதங்கள் கழித்துப் பனியையும் கிளறி எடுக்கிறது. அங்குள்ள வெண்பட்டைப் பைன் மரத்தின் காய் தானாக வெடிக்காது. விதைக்கு இறகும் இல்லை. அந்தப் பறவை மறந்த விதைகளிலிருந்துதான் அந்தக் காடு புதுப்பிக்கப்படுகிறது. ஐரோப்பாவின் ஓக் மரங்களுக்கு அங்குள்ள ஜே பறவை செய்வதும் இதே தொண்டு. நம் பக்கத்தில் ஊர்க்காக்கை வேப்பம்பழத்தைத் தின்று கொட்டையை உமிழ்ந்து வேம்பைப் பரப்புவதை அறிவோம். வரப்புகளிலும் பாறை இடுக்குகளிலும் யாரும் நடாமல் நிற்கும் வேம்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான்.

அரூர் அண்ணன் காக்கையை வெறும் திருடனாகப் பார்ப்பது அவர் இழப்பிலிருந்து வருவது. அதை நான் மறுக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே காக்கையை எலியோடு சேர்த்து, தீங்குயிர்ப் பட்டியலான ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது.

அரூர் கடலைக்காட்டுக்காரர் | டிசம்பர் 6, காலை 5.50

தம்பி, வெறும் திருடன் என்று நான் சொல்லவில்லை. ஏர் ஓட்டும்போது பின்னாலேயே வந்து வெள்ளைப்புழுவைப் பொறுக்கித் தின்பதும் இதே காக்கைதான். அந்த நன்றி எனக்கு உண்டு. எங்கள் பக்கம் செத்த காக்கையைக் கழியில் கட்டித் தொங்க விடுவார்கள். மற்றவை சுற்றிச் சுற்றிக் கதறிவிட்டுச் சில நாள் அந்தப் பக்கம் வராது. அது துக்கமா, பயமா என்று மாணவி அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஓசூர் விலங்கியல் மாணவி | டிசம்பர் 6, மாலை 6.45

ஐயா, துக்கம் இல்லை என்று சொல்ல நம்மிடம் அளவுகோல் கிடையாது. கற்றல் நடக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2015-இல் கேலி ஸ்விஃப்டும் மார்ஸ்லஃபும் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக உணவு வைக்கும் இடத்தில் முகமூடி அணிந்தவர் இறந்த காக்கையை ஏந்தி நின்றார். காக்கைகள் கூடிக் கத்தின. பின்வந்த நாள்களில் அங்கே உணவெடுக்கத் தயங்கின. அந்த முகத்தை ஆறு வாரம் வரை பகையாக நினைவில் வைத்திருந்தன. ஓர் இறப்பு எங்கே, யாரால் நிகழ்ந்தது என்பதை அவை இடக்குறிப்பும் முகக்குறிப்புமாகப் பதிந்துகொள்கின்றன. அதனால், தானாக இறந்த காக்கையானாலும் அதைக் கையில் எடுத்துக் கட்டுபவர் நீங்களாக இருந்தால், உங்கள் கணக்கில் இன்னும் இரண்டு வருடம் ஏறும். விதைப்புக்குப் பிந்திய முதல் பத்து நாள் உங்கள் தம்பியைக் காவலுக்கு அனுப்பினாலும் அவரையும் விரைவில் கற்றுக்கொள்ளும். ஊன்றியதும் ஏர்ச்சாலை நன்றாக மூடி, மேலே பலுகு ஓட்டி, எந்த வரிசையில் விதை இருக்கிறது என்ற அடையாளத்தை அழித்துவிடுவது பயன் தரலாம். அவை கண்ணால்தான் தேடுகின்றன.

மாரண்டஅள்ளி ஆசிரியர் | டிசம்பர் 21, இரவு 9.15

இரண்டு வாரம் அமைதியாக இருந்தமைக்கு மன்னிக்கவும். மாணவர்கள் நால்வரோடு சேர்ந்து ஒரு சிறு கவனிப்பை நடத்தினேன். பள்ளிக்குச் செல்லும் முன், ஒரு நாள் எங்கள் பின்கட்டு மதிலில் ஐந்து கடலைகளை மட்டும் வைத்தோம். மறுநாள் அதே இடத்தில் தட்டு நிறையச் சோறு. 14 நாள்கள் மாற்றி மாற்றி வைத்து, திண்ணைச் சன்னல் வழியாகப் பார்த்துக் குறிப்பெடுத்தோம்.

சோறு வைத்த 7 நாள்களில் 6 நாள், முதலில் வந்த காக்கை மதிலில் அமர்ந்து கரைந்தது. மற்றவை வந்த பிறகே தட்டில் இறங்கியது. கடலை வைத்த 7 நாள்களில் ஒரு நாள்கூட முதல் காக்கை கரையவில்லை. ஒன்றிரண்டைத் தின்று, மீதியைக் கூரைக்கோ கொட்டகைக்கோ கொண்டு சென்றது. ஒரு கடலை நாளில் மட்டும் மதிலில் வேறு காக்கை முன்பே இருந்தது. அன்று வந்த காக்கை கடலைகளை அலகில் அள்ளிக்கொண்டு எங்கள் பார்வைக்கு அப்பால் பறந்துவிட்டது.

வகுப்பில் நான் சொன்னது இவ்வளவுதான்: குறள் இடம்பெறும் அதிகாரம் சுற்றந்தழால். செல்வம் மிகுந்தவன் சுற்றத்தை எப்படித் தழுவ வேண்டும் என்பது பொருள். அங்கே வள்ளுவர் எடுத்துக்கொண்டது நிறைந்த தட்டின் முன் நிற்கும் காக்கை. காரிமங்கலம் அம்மா வீட்டு இலையின் முன் நிற்பதும் அந்தக் காக்கைதான். ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் ஐந்து கடலை மட்டும் உள்ளவன் என்ன செய்ய வேண்டும் என்று வள்ளுவர் வேறெங்காவது சொல்லியிருக்கிறாரா ஐயா?” என்று கேட்டாள். தேடிச் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன்.

ஓசூர் விலங்கியல் மாணவி | டிசம்பர் 22, காலை 8.30

ஐயா, படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: இரண்டு நாள்களிலும் உணவின் அளவும் மாறியது, வகையும் மாறியது. சோறு அலகில் சுமக்கவும் இடுக்கில் செருகவும் ஒவ்வாதது என்பதால் ஒளிக்காமல் இருந்திருக்கலாம். அடுத்த முறை ஐந்து கடலை ஒரு நாள், ஒரு படி கடலை மறுநாள் என்று வைத்துப் பாருங்கள். முடிந்தால், வருவது ஒரே காக்கையா என்பதை இறகுக் குறையைக் கொண்டோ அலகு வடுவைக் கொண்டோ பிரித்தறியுங்கள்.

மாரண்டஅள்ளி ஆசிரியர் | டிசம்பர் 22, இரவு 8.00

நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. எனக்குத் தோன்றாமல் போயிற்று. இடது இறக்கையில் ஓர் இறகு உதிர்ந்த காக்கை ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதை நன்றாக அடையாளம் காண்கிறார்கள். ஒரு படி கடலைக்கு அரூர் ஐயா தம் களத்திலிருந்து அனுப்பி வைப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். தை பிறந்ததும் தொடங்குகிறோம்.